மேப் ஏற்றியபின் வண்டி மக்கர் பண்ணினால்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

பைக்கின் இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியுவில் புது மேப் (எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று சொல்லும் அட்டவணை) ஏற்றிய மறுநாள் வண்டி சரியாக ஓடவில்லை என்றால் எல்லோர் கையும் முதலில் போவது மேப்புக்குத்தான். இங்கே இரண்டு செல்லை (அட்டவணைக் கட்டத்தை) கூட்டு, அங்கே மூன்றைக் குறை, மறுபடி ஏற்று. இரவு பன்னிரண்டு மணிக்கு எது பழைய மேப், எது புதுசு என்றே தெரியாமல் போய்விடும். பெரும்பாலும் கோளாறு மேப்பில் இருக்காது. பேட்டரி, கேபிள், காற்றுக்கசிவு, சென்சார் என்று வெளியில் எங்காவது இருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் வெளியிலிருந்து உள்ளே போகிறோம். மேப்பைத் தொடுவது கடைசியில்தான்.

வீட்டில் நடப்பது இரண்டு வகை. ஒன்று, ஈசியுவுக்குள் இருக்கும் ஃபைலையே மாற்றி எழுதும் ஃபிளாஷ். இன்னொன்று, பவர்ட்ரானிக் போல ஈசியுவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே உட்காரும் பிக்கிபேக் பெட்டி. இரண்டிலும் ஒரு பக்கம் ஆர்பிஎம், மறுபக்கம் த்ராட்டில் திறப்பு என்று கட்டம் போட்ட அட்டவணைதான். ஆனால் ஃபிளாஷில் ஒரு செல்லில் இருப்பது முழு மதிப்பு. பிக்கிபேக்கில் இருப்பது கம்பெனி மதிப்பின்மேல் எத்தனை சதவீதம் கூட்டு, குறை என்பது மட்டும். பிக்கிபேக் வைத்திருப்பவர்களுக்கு எந்தக் கோளாறிலும் முதல் சோதனை ஒன்றே: பெட்டியைக் கழற்றி, கம்பெனி கப்ளர்களை (ஒயர் இணைப்புகளை) நேராக மாட்டி ஓட்டிப் பார்ப்பது. அப்போதும் கோளாறு இருந்தால் பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஃபிளாஷ் செய்பவர்கள் ஸ்டாக் ஃபைலை (ஈசியுவில் கம்பெனி வைத்த ஃபைலை) முதலில் படித்து லேப்டாப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று வைக்கவும். படிக்க அனுமதிக்காத ஈசியு என்றால், அதே கேலிபரேஷன் எண்ணுக்கு (ஈசியு ஃபைலின் அடையாள எண்) உரிய ஸ்டாக் ஃபைல் கையில் வராமல் எழுதவே உட்காராதீர்கள்.

லேப்டாப் ஈசியுவைக் கண்டுகொள்ளவே இல்லை

சாவி ஆன், கில் சுவிட்ச் ரன். சிரிக்காதீர்கள், பாதி நேரம் இதுதான். சில வண்டிகளில் கில் சுவிட்ச் ஆஃபில் இருந்தால் ஈசியுவுக்குக் கரண்டே போகாது.

அடுத்து மல்டிமீட்டர். பிஎஸ்6 வண்டிகளில் பெரும்பாலும் சீட்டுக்கு அடியில் சிவப்பு நிற 6 பின் கப்ளர் இருக்கும். அதிலிருந்து கார்களில் உள்ள 16 பின் சாக்கெட்டுக்கு மாற்றும் அடாப்டர் வழியாகத்தான் இணைக்கிறோம். மலிவு அடாப்டர்களில் உள்ளே ஒயர் மாறியிருப்பது சகஜம். 16 பின் பக்கத்தில் இப்படி இருக்க வேண்டும்: 16ஆம் பின்னில் பேட்டரி வோல்ட், 4, 5 எர்த், 7 கே-லைன், 6, 14 கேன் ஒயர்கள் (கே-லைன், கேன் இரண்டும் ஈசியுவும் லேப்டாப்பும் பேசிக்கொள்ளும் வழிகள்). சாவி ஆனில் கே-லைன் ஏறக்குறைய பேட்டரி வோல்ட்டைக் காட்டும். கேன் ஒயர் ஒவ்வொன்றும் எர்த்துக்கு எதிராக 2.5 வோல்ட் சுற்றி நிற்கும். சாவி ஆஃப் செய்து 6க்கும் 14க்கும் நடுவே ஓம் பார்த்தால் 60 அளவில் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யம் வந்தால் எங்கோ ஷார்ட்.

ஒயர் சரி என்றால் கேபிளின் சிப். லேப்டாப்பின் யுஎஸ்பியோடு பேச வைக்கும் எஃப்டிடிஐ சிப் உள்ள கேபிள்களில் போலி அதிகம். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் அந்த போர்ட்டின் அட்வான்ஸ்டு பகுதியைத் திறந்தால் லேட்டன்சி டைமர் 16 மில்லி செகண்ட் என்று இருக்கும். கே-லைன் வேலைக்கு அதை 1 அல்லது 2 ஆக்குங்கள். ‘இணைகிறது, உடனே துண்டிக்கிறது’ என்ற தொல்லை பல கேபிள்களில் இதோடு போய்விடும். எரர் கோடு படிக்கும் புளூடூத் அடாப்டரான இஎல்எம்327 வாங்கும்போது கடைக்காரர் ‘1.5 வெர்ஷன், ஒரிஜினல்’ என்றால் நம்பாதீர்கள். ஒரிஜினல் கம்பெனி 1.5 என்று ஒன்றை வெளியிட்டதே கிடையாது. அது நகல்தான். நகலிலும் வேலை செய்பவை உண்டு. எரர் கோடு படிக்க அவை போதும். எழுதுவதற்குக் கேபிளே மேல்.

படிக்கிறது, எழுத மட்டும் மறுக்கிறது என்றால் ஈசியு பூட்டப்பட்டது. புதிய பாஷ் ஈசியுக்கள் பலவற்றில் இதுதான் நிலை. ஈசியுவைக் கழற்றி மேசையில் வைத்துத் திறக்கும் வேலை அது. வீட்டு வேலை அல்ல.

எழுதும்போது பாதியில் நின்றுவிட்டது

முதல் விதி: சாவியைத் தொடாதீர்கள். பதறிப்போய் சாவியை ஆஃப் செய்வதுதான் உண்மையான சேதம். சாஃப்ட்வேரில் ரெக்கவரி இருந்தால் அதை அழுத்துங்கள். எழுத எடுப்பது புதிய மேப் அல்ல, ஸ்டாக் ஃபைல். ஏற்கெனவே சாவி ஆஃப் ஆகிவிட்டதா? பல ஈசியுக்களில் பூட்லோடர் என்ற ஆரம்பப் பகுதியை எழுதும் வேலை தொடுவதே இல்லை. செக் லைட் எரியாமல், பம்ப் சத்தமும் வராமல் செத்ததுபோல் கிடந்தாலும் ரெக்கவரி முறையில் திரும்பி வரும் வாய்ப்பு நிறைய.

ஏன் நின்றது என்றால் பத்தில் ஒன்பது தடவை வோல்ட் குறைவுதான். கணக்கைப் பாருங்கள். 55 வாட் ஹாலஜன் ஹெட்லைட் ஒன்று எரிந்தாலே நாலரை ஆம்பியருக்கு மேல். சின்ன வண்டிகளின் பேட்டரி 8 ஆம்பியர் அவர் சுமாருக்குத்தான். கே-லைனில் எழுத 10, 15 நிமிடம் ஆகும். ஓய்வில் 12.6 காட்டிய பேட்டரி அதற்குள் 12க்குக் கீழே சரியும், எழுத்து அறுந்துவிடும். ஆகவே ஹெட்லைட் ஃபியூஸைப் பிடுங்குங்கள். 13.5 வோல்ட், 10 ஆம்பியர் கொடுக்கும் ரெகுலேட்டட் சப்ளையைப் பேட்டரியில் மாட்டுங்கள். சாதாரண சார்ஜர் வேண்டாம். சில சார்ஜர்கள் பேட்டரியை ‘உயிர்ப்பிக்கிறேன்’ என்று 15 வோல்ட்டுக்கு மேல் துடிப்பு அனுப்பும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் காலையில் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள். பேட்டரி முழுச் சார்ஜில் இருந்தால் சப்ளை போனாலும் தாக்குப்பிடிக்கும், டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் தாக்குப்பிடிக்காது. லேப்டாப்பே பயன்படுத்துங்கள். ஸ்லீப், ஆட்டோ அப்டேட் இரண்டையும் நிறுத்துங்கள். மொபைலில் எழுதுகிறீர்கள் என்றால் ஏரோப்ளேன் மோடில் போட்டு புளூடூத்தை மட்டும் ஆன் செய்யவும். நடுவில் வரும் ஒரு கால் போதும், ஆட்டம் குளோஸ்.

எழுதி முடிந்தது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை

சாவி ஆன் செய்ததும் பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று செகண்ட் ‘ஊய்ங்’ என்று ஓடி நிற்கிறதா, கேளுங்கள். ஓடவில்லை என்றால் ஃபியூஸ் (ஹெட்லைட் ஃபியூஸுக்குப் பதில் தவறானதைப் பிடுங்கியவர்கள் உண்டு), கில் சுவிட்ச், வண்டி சாய்ந்தால் நிறுத்தும் டிப்-ஓவர் சென்சார். பம்ப் ஓடி, செல்ஃபும் சுற்றிப் பிடிக்கவில்லை என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் இன்ஜெக்டர் திறக்கவில்லை. பிக்கிபேக் என்றால் இன்ஜெக்டர் கப்ளரோ கிராங்க் சென்சார் கப்ளரோ சரியாக உட்காரவில்லை. ஃபிளாஷ் என்றால் ஃபைலே வேறு வண்டிக்கு உரியது. பெயர் ஒன்றாக இருந்தாலும் பிஎஸ்4 வண்டியின் ஃபைல் பிஎஸ்6க்கு ஆகாது. ஃபைலின் கேலிபரேஷன் எண்ணையும் ஈசியு காட்டும் எண்ணையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நனைந்திருந்தால் பிளக் பெட்ரோலில் மூழ்கிவிட்டது. த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துச் செல்ஃப் அடியுங்கள். பல ஈசியுக்கள் அந்த நிலையில் இன்ஜெக்டரை நிறுத்தி சிலிண்டரைக் காயவிடும்.

ஐடிலிங் ஏறி இறங்குகிறது

முதலில் த்ராட்டில் பொசிஷன் சென்சார். சாஃப்ட்வேரில் லைவ் டேட்டா திறந்து கையை எடுத்தால் சரியாக 0% காட்ட வேண்டும். 1.5 என்று நின்றால் ஈசியு ‘இவர் த்ராட்டில் கொடுத்திருக்கிறார்’ என்று நினைத்து ஐடில் கட்டுப்பாட்டுக்குள் வராது. கேபிள் டைட்டாக இருக்கிறதா என்றும் பாருங்கள், ஹாண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து.

பிறகு காற்றுக்கசிவு. த்ராட்டில் பாடிக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் நம்ம மதுரை வெயிலில் வெடிக்கும். இஞ்சின் சூடேறும் முன்பே, ஐடிலில் ஓடும்போது, கார்ப் கிளீனரை ரப்பரின் ஓரமாகத் துளி துளியாகப் பீச்சுங்கள். ஆர்பிஎம் மாறினால் கசிவு அங்கே. அது எரியும் திரவம். சைலன்ஸர் பைப் பக்கம் போகக்கூடாது, பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

இரண்டும் சரி என்றால் அடாப்டேஷன் ரீசெட். பழைய மேப்புக்குப் பழகிய திருத்தங்கள் ஈசியுவின் நினைவில் இன்னும் இருக்கும். சாஃப்ட்வேரில் அழித்துவிட்டு, கேடிஎம் 690, 990 போன்றவற்றில் குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்து த்ராட்டிலைத் தொடாமல் 15 நிமிடம் ஐடிலில் விடுவது வழக்கம். கத்திரி வெயிலில் மதியம் இதைச் செய்தால் இஞ்சின்தான் வேகும். விடியற்காலை ஐந்தரை மணிக்குச் செய்யுங்கள். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மெதுவாக உருட்டும்போது இழுத்து இழுத்து விடுகிறது

“அண்ணே, ரிங் ரோட்டுல சூப்பரா போகுது. ஆனா கோரிப்பாளையம் சிக்னல்ல உருட்டிக்கிட்டு வரும்போது குதிரை மாதிரி குதிக்குது.” மேப் மாற்றியவர்கள் சொல்வதில் இதுதான் அதிகம். மேப்பில் அந்த இடத்தை எத்தனை தடவை திருத்தினாலும் மாறாததும் இதுதான். ஏன் என்று புரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

சைலன்ஸர் பைப்பில் இருக்கும் கம்பெனி ஆக்சிஜன் சென்சார் நேரோபேண்ட் வகை. அதற்கு இரண்டே பேச்சு: 0.45 வோல்ட்டுக்கு மேல் போனால் ரிச் (பெட்ரோல் அதிகம்), கீழே போனால் லீன் (பெட்ரோல் குறைவு). சின்னத் த்ராட்டிலில், நிதான ஓட்டத்தில், ஈசியு இந்தச் சென்சார் சொல்படி நொடிக்கு நொடி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. இதுதான் குளோஸ்டு லூப். நீங்கள் அந்தச் செல்களில் 5% கூட்டினால் சென்சார் ‘ரிச்’ என்று கத்தும், ஈசியு அதே 5% எடுத்துவிடும். நீங்கள் கூட்ட, அது குறைக்க. அதற்கு மேல் சில ஈசியுக்கள் இந்தக் குறைப்பைப் பழக்கமாக எடுத்துக்கொண்டு, சென்சார் பேச்சு கேட்காத பெரிய த்ராட்டில் பகுதியிலும் கொஞ்சம் குறைத்து வைக்கும். உருட்டும்போது மாற்றமில்லை, முழு த்ராட்டிலில் போன வாரம் இருந்த இழுவையும் காணோம் என்பதன் ரகசியம் இதுதான்.

வழி: ஃபிளாஷ் என்றால் அந்தப் பகுதியில் செல்லைத் தொடாமல், சாஃப்ட்வேர் அனுமதித்தால் குளோஸ்டு லூப் எல்லையைச் சுருக்கலாம், அல்லது ஆக்சிஜன் சென்சாரை நிறுத்தலாம். நிறுத்தினால் அதற்குப் பிறகு அந்தச் செல்கள் எல்லாம் உங்கள் பொறுப்பு. எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் மீட்டர் இல்லாமல் அந்த வேலைக்குப் போகக்கூடாது. பிக்கிபேக் என்றால் சென்சாரின் இடத்தில் மாட்டும் பிளக் ஒன்று கூடவே வரும், அது மாட்டப்பட்டதா பாருங்கள். இதெல்லாம் செய்யும் முன் செயினின் தளர்வு. இருபது மில்லிமீட்டர் கூடுதலாகத் தொங்கும் செயின் எந்த மேப்பையும் குதிரையாக்கும்.

பெரிய த்ராட்டிலில் தொய்வு, இழுவை இல்லை

இங்கேதான் மேப்புக்கு உண்மையில் வேலை. கண்ணால், காதால் முடியாது. வைட்பேண்ட் வேண்டும். பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சாருக்கு சைலன்ஸர் பைப்பில் எம்18×1.5 பங் (சென்சாரை முறுக்கும் மரை வளையம்) ஒன்றை லேத்காரரிடம் சொல்லி வெல்டு வைக்கவும். சென்சார் படுக்கைக்கு மேலே குறைந்தது 10 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். கீழ்நோக்கி இருந்தால் பைப்பில் தேங்கும் தண்ணீர் சென்சாரைக் கொன்றுவிடும். கரண்ட் கொடுக்காமல் பைப்பில் மாட்டி வண்டி ஓட்டினாலும் அதேதான்.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்ற சரியான கலவை சுத்தப் பெட்ரோலுக்கு 14.7, 10% எத்தனாலுக்குச் சுமார் 14.1, இதற்குச் சுமார் 13.5. அதாவது 10% கலவைக்கு அமைத்த வண்டி, ஓபன் லூப்பில் (ஈசியு சென்சார் பேச்சைக் கேட்காத பகுதியில்), ஒன்றுமே மாற்றாமலே 4% அளவில் லீனாகத்தான் ஓடும். ஆனால் மீட்டரைப் பார்த்துக் குழம்பாதீர்கள். மீட்டர் உள்ளே அளப்பது லேம்ப்டா: சரியான கலவை என்றால் 1, அதற்குக் கீழே ரிச், மேலே லீன். அதை 14.7ஆல் பெருக்கி உங்களுக்குக் காட்டுகிறது, அவ்வளவே. எந்த எரிபொருளாக இருந்தாலும் மீட்டரில் 13.0 என்றால் லேம்ப்டா 0.885தான். ஆகவே மீட்டரை லேம்ப்டாவுக்கே மாற்றிவிடுங்கள். முழு த்ராட்டிலில் 0.87 முதல் 0.90 வரை இலக்கு.

ஒரு செல்லைப் பார்ப்போம். 6,000 ஆர்பிஎம், 80% த்ராட்டில். லாக்கில் (ஓட்டத்தில் பதிவான அளவுகளில்) லேம்ப்டா 0.945. இலக்கு 0.885. 0.945ஐ 0.885ஆல் வகுத்தால் 1.068. கிட்டத்தட்ட 7% கூடுதல் வேண்டும். பிக்கிபேக்கில் அந்தச் செல்லில் ஏற்கெனவே +4 இருந்தால் 4உடன் 7ஐக் கூட்டி 11 என்று போடுவது வழக்கம். சின்ன எண்களில் அது தப்பில்லை. ஆனால் கணக்கு பெருக்கல்தான்: 1.04 × 1.068 = 1.11. செல்லில் +20 மாதிரி பெரிய எண் இருக்கும்போது கூட்டல் உங்களைக் கவிழ்க்கும்: கூட்டினால் 27, பெருக்கினால் 28.

லாக்கில் ஒரு செல்லில் இரண்டு செகண்டாவது நிலையாக நின்ற அளவுகளை மட்டும் எடுங்கள். த்ராட்டில் ஓடிக்கொண்டே இருக்கும்போது சென்சார் சொல்வது போன செல்லின் கதை. பக்கத்துச் செல்லுக்கும் இதற்கும் 4 சதவீதத்துக்கு மேல் குதித்தால் அளவை நம்பாதீர்கள். இரண்டு பொய்கள் எப்போதும் வரும்: சென்சாருக்கு முன்னால் சைலன்ஸர் கேஸ்கெட் கசிந்தால் வெளிக்காற்று புகுந்து லீன் என்று காட்டும். பிளக் மிஸ் ஆனாலும் எரியாத ஆக்சிஜன் வெளியேறி லீன் என்றே காட்டும். இரண்டாவது நிலையில் பெட்ரோல் கூட்டக் கூட்ட மிஸ்ஸிங் கூடும், மீட்டர் இன்னும் லீன் என்றே சொல்லும். அந்த வட்டத்தில் மாட்டினால் பிளக்கை மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

மேலூர் பக்கமோ திருமங்கலம் பக்கமோ நால்வழிச் சாலையில் இந்தச் சோதனை செய்கிறவர்கள் நிறைய. லாரிகளுக்கு நடுவே கண்ணை மீட்டரில் வைத்துக்கொண்டு ஓட்டும் வேலை அல்ல இது. லாகரை ஆன் செய்துவிட்டு ரோட்டைப் பாருங்கள், எண்ணை வீட்டில் பார்க்கலாம். டைனோ (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் உருளை மேடை) இருக்கும் இடத்துக்கு ஒரு நாள் போய் வருவது உத்தமம்.

த்ராட்டிலைச் சட்டென்று திறந்தால் ஒரு நொடி மூச்சு முட்டுகிறது

மெதுவாகத் திறந்தால் இல்லை, சட்டென்று திறந்தால் மட்டும் என்றால் பெட்ரோல் மேப்பைத் தொடவே வேண்டாம். திறந்த நொடியில் கூடுதலாகப் பீச்சும் ஆக்சிலரேஷன் என்ரிச்மென்ட் என்ற தனி அட்டவணை இருக்கிறது. அதில் 10% கூட்டிப் பாருங்கள். முட்டல் அதிகமாகி, கறுப்புப் புகையும் வந்தால் திசை தவறு, குறையுங்கள்.

த்ராட்டிலை விட்டால் சைலன்ஸரில் படபடவென்று வெடிக்கிறது

சைலன்ஸர் கேஸ்கெட் கசிவு முதலில். அடுத்து, பைப்புக்குள் சுத்தக் காற்று விடும் எஸ்ஏஐ வால்வு. அந்த ஹோஸை நெரித்துப் பிடித்து ஓட்டும்போது வெடி நின்றால் காரணம் அதுதான். மேப்பில் 0% த்ராட்டில் வரிசையில் பெட்ரோல் கூட்டி இதைச் சரிசெய்யச் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

வெயிலில் மேடு ஏறும்போது உள்ளே டிக் டிக்

தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியதுபோல் சத்தம் வந்தால் த்ராட்டிலை உடனே குறையுங்கள். இது நாக்கிங், பிஸ்டனைத் தின்னும். ஹெல்மெட்டுக்குள், சத்தமான சைலன்ஸரோடு இது காதில் விழாமலே போகலாம். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போலக் கறுப்போ, பளபளக்கும் சாம்பல் நிறமோ தெறித்திருந்தால் அதுவே சாட்சி. சாம்பல் நிறம் அலுமினியம். அன்றைக்கு வண்டி எடுக்க வேண்டாம்.

நெட்டிலிருந்து இறக்கிய மேப்பில் டைமிங் (பிளக் எவ்வளவு முன்னதாகப் பொறி விடுகிறது என்பது) கூட்டப்பட்டிருந்தால், 4,000 முதல் 6,000 வரை, பெரிய த்ராட்டில் செல்களில் 2 டிகிரி குறையுங்கள். இன்னும் கேட்டால் இன்னொரு 2. குளிர்நாட்டில் ஒருவர் செய்து பகிர்ந்த மேப் அங்கே சரியாக இருந்திருக்கும். மே மாதம் மதுரையில், டிராஃபிக்கில் நின்ற ஏர்பாக்ஸில், உள்ளே போகும் காற்றே 55 டிகிரி தொடும். காற்று சூடானால் டைமிங்கைப் பின்னிழுக்கும் அட்டவணையை ‘பவர் குறைக்கிறது’ என்று பூஜ்யமாக்கி வைத்த மேப்கள் சுற்றுகின்றன. ஏற்றுமுன் ஸ்டாக் ஃபைலோடு ஒப்பிட்டு அந்த அட்டவணை மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

செக் லைட் எரிகிறது

பி0135 போன்ற ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர் கோடு என்றால், பெரும்பாலும் சென்சாரைக் கழற்றிவிட்டு மேப்பில் அதை நிறுத்தவில்லை. பி0122 த்ராட்டில் சென்சார் வோல்ட் குறைவு, பி0107 காற்றழுத்த சென்சார் வோல்ட் குறைவு: இரண்டும் மேப்பால் வருபவை அல்ல, டாங்கைத் தூக்கி மாட்டும்போது விட்டுப்போன கப்ளரோ நசுங்கிய ஒயரோ. அழித்தாலும் திரும்பி வரும் கோடு மட்டுமே கோடு. ஒரு முறை வந்து போனது வேலை செய்யும்போது கழன்றிருந்ததன் பதிவு.

மதுரையில் நன்றாக ஓடுகிறது, கொடைக்கானல் ஏறினால் மூச்சு வாங்குகிறது

மதுரை கடல்மட்டத்திலிருந்து நூற்றுச் சொச்சம் மீட்டர். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். பவர் குறைவது இயல்பு, மேப் தப்பில்லை. ஆனால் கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை, ஐடிலில் அணைதல் என்று வந்தால் ஈசியு இன்னும் கீழே இருப்பதாக நினைத்துக்கொண்டு அதே அளவு ஊற்றுகிறது.

தனி பாரோமீட்டர் சென்சார் இல்லாத வண்டிகளில் சாவியை ஆன் செய்த நொடியில், இஞ்சின் சுற்றுமுன், இன்டேக் அழுத்த சென்சார் காட்டுவதை வெளிக்காற்று அழுத்தமாக எடுத்துக்கொள்ளும். ஓட்டத்தில் பெரிய த்ராட்டில் கிடைத்தால் திருத்திக்கொள்ளும். வத்தலக்குண்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் சின்னத் த்ராட்டிலிலேயே ஏறினால் அந்த வாய்ப்பும் கிடைக்காது. பாதி வழியில் ஓரமாக நிறுத்தி, சாவியை ஆஃப் செய்து, பத்து செகண்ட் விட்டு, ஆன் செய்து ஸ்டார்ட் செய்யுங்கள். அதோடு சரியானால் மேப்பில் தொட ஒன்றுமில்லை. சரியாகவில்லை என்றால் அந்தச் சென்சாரிலிருந்து போகும் சின்ன ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். ஹோஸும் நன்றாக இருந்தால் மட்டும், மேப்பில் பாரோமெட்ரிக் திருத்த அட்டவணையை ஸ்டாக் ஃபைலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுங்கள்.